இறங்கும்போது கேட்ட கடற்கரை

கடலை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் தொண்டியில் ஆரம்பித்துக் கோடியக்கரை வரைக்கும் கரையோரமாக எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர், எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும், எங்கே கால் புதையும் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவேன். வருகிற மாசியில் அந்தக் கரை முழுவதையும் முதுகில் பையோடு நடந்து பார்ப்பதாகத் திட்டம். சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதற்கு ஒத்திகையாகப் பொங்கல் கழிந்த வாரம், அதே பையோடு புளியஞ்சோலையிலிருந்து கொல்லிமலை ஏறி, செம்மேட்டில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் அதே பாதையில் இறங்கி வந்தேன். அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்த இணையப் பக்கம் என் மருமகளுடையது. துறையூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறாள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், அவள் அடிக்கிறாள். நான் பேசுகிற மாதிரியே போட்டால் படிக்கிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்று கொஞ்சம் இஸ்திரி போட்டிருக்கிறாள்.

இந்தக் கடற்கரை எனக்கு எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

1997-ல் மலைமேல் பலா மரங்களைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். சீசனில் வாரம் இரண்டு முறை ஏறி இறங்குவேன். ஒரு சனிக்கிழமை இறங்கி வரும்போது, பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், ஆபீஸ் பூட்ஸ் போட்ட ஒருவர் தப்பான பக்கம் திரும்பி ஆற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அது பாதை இல்லீங்க. ஆத்தோட போனா கடலுக்குத்தான் போவீங்க" என்று கத்தினேன்.

அவர் நின்று திரும்பிப் பார்த்து, "அங்கதாங்க போகணும்" என்றார்.

அவர்தான் சேவியர் சார். செம்மேட்டில் மாட்டு ஆஸ்பத்திரியில் உதவியாளராக மாற்றலாகி வந்தவர். சொந்த ஊர் வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்கரை. செம்மேட்டிலிருந்து பஸ்ஸில் போனால் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, நாமக்கல் சுற்றி, திருச்சி போவதற்குள் பொழுது போய்விடும். கோவிலூர் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து காட்டுப் பாதையில் புளியஞ்சோலைக்கு இறங்கிவிட்டால் சாயங்காலப் பஸ்ஸில் துறையூர், அப்புறம் திருச்சி, தஞ்சாவூர் என்று விடிவதற்குள் வீடு போய்ச் சேரலாம். அந்தக் கணக்கை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே திரும்புவது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நாலு வருஷம், மாதம் ஒரு சனிக்கிழமை அவரும் நானும் சேர்ந்துதான் இறங்கினோம். குத்தகை இல்லாத மாதங்களில்கூட ஏதாவது சாக்குச் சொல்லி நான் மேலே போய்விடுவேன். காரணம் அவர் பேச்சு. இறங்க ஆரம்பித்தால் அவர் கடற்கரையை அவிழ்த்துவிடுவார். இன்ன பாறைக்கு இன்ன ஊர் என்று எனக்குள் அது பதிந்துபோனது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தாளில் வைக்கிறதை, நான் பாதையில் வைத்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து திரும்பி வரும் திங்கட்கிழமைகளில் சில நாள் நானும் கூடவே ஏறுவேன். அப்போது அவர் வாயைத் திறக்க மாட்டார். எங்கள் அடிவாரத்தில், மலை ஏறும்போது பேசக் கூடாது என்பது நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பழக்குகிற பழக்கம். மூச்சை வீணாக்கக் கூடாது. 'மேட்டுல வாயை மூடு, பள்ளத்துல கண்ணைத் தொற' என்பார்கள். அவரும் மூச்சுக்காகத்தான் பேசாமல் வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

2001-ல் அவருக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் மாற்றல் கிடைத்தது. கடைசியாக இறங்கிய அன்று, புளியஞ்சோலை ஆற்றில் கால் கழுவிக்கொண்டே, "ரிட்டயர் ஆனதும் வாங்கண்ணே. என் கரையை ரெண்டு பேரும் நடந்தே பார்ப்போம்" என்றார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ரிட்டயரும் ஆனார். சுனாமியில் கடல் ஏறிய அந்த மார்கழியில் பதறிப்போய் போன் பண்ணினேன். "தண்ணி வந்துட்டுப் போச்சுண்ணே. வீடு நிக்குது, நாங்களும் நிக்கிறோம்" என்றார். அதற்கு அடுத்த வருஷம் அவர் சம்சாரம் காய்ச்சலில் படுத்து இறந்துபோனார். சேதி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது.

அப்புறம் பயணம் தள்ளிக்கொண்டே போனது. தீபாவளி கழியட்டும் என்றார். ஓடு மாற்ற வேண்டும் என்றார். கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றார். கடைசியாக மாசிக்கு வைத்தோம். அதற்கும், "பார்ப்போம்" என்றுதான் சொன்னார். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். நான் தனியாகப் போகலாமே என்று கேட்பீர்கள். பஸ் போர்டு படிக்கத் தெரியாது, அது ஒன்று. அவர் இல்லாமல் நடந்தால் அது யாரோ ஒருத்தருடைய கடற்கரை, அது இன்னொன்று. அவர் வந்தால்தான் இந்தப் பயணம். இல்லாவிட்டால் இல்லை. ஒத்திகை என்று நான் மலை ஏறியதில் பாதி, செம்மேட்டிலிருந்து போன் பண்ணினால் மனசு இளகுவாரோ என்கிற நப்பாசை.

துறையூர் கடைவீதியில் முதுகுப் பை இருநூற்று நாற்பது ரூபாய். அதில் இரண்டு வேட்டி, ஒரு கம்பளி, ராகி மாவு, பொட்டுக்கடலை, சின்ன அலுமினியச் சட்டி, டார்ச், கயிறு, தண்ணீர் பாட்டில். மளிகைக் கடைத் தராசில் ஒன்பது கிலோ இருந்தது. இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்ததும், என் சம்சாரம் பாவாயி சாணி கரைத்த கையோடு நின்று பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் போடான்னு அப்பன் அடிச்சப்பப் போகலே. இப்பப் பொஸ்தகப் பை மாட்டீட்டுப் போறாரு பாரு" என்றாள்.

"வாத்தியாரு மேல இருக்கறாரு."

"போங்க, போங்க. முட்டிபோட வச்சாருன்னா என்னைக் கூப்புடாதீங்க."

காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டேன். எங்கள் ஊரிலிருந்து புளியஞ்சோலை இரண்டு கிலோமீட்டர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் துறையூரில் டவுன் பஸ் ஏற வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், டிக்கெட் பத்து ரூபாய். ஆற்றங்கரையில் என் தங்கை மகன் ராசு டீக்கடை வைத்திருக்கிறான். ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற சிவப்பு போன் பெட்டியும் அங்கேதான்.

"என்ன மாமா, பட்டாளத்துல சேந்துட்டீங்களா?" என்றான்.

"கப்பல் படை" என்றேன்.

வனத்துறைக் காட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏழு மணிக்கு ஆற்றைத் தாண்டினேன். தை மாதத்தில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். கல் பாசி பிடித்திருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டுங்கள். ஆற்றைத் தாண்டியதும் மூங்கில் காடு. முதல் அரை மணி நேரம் ஏற்றம் அதிகமில்லை. இங்கேயே வேகமாக நடந்து காலைக் கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

ஏறிக்கொண்டே மனசுக்குள் கடற்கரையை ஒப்பித்துப் பார்த்தேன். மாசியில் அவர் வீட்டு வாசலில் ஆரம்பித்துத் தொண்டிக்கு நடப்பதாகத் திட்டம். எனவே கோடியக்கரையிலிருந்து ஆரம்பித்தேன். மூங்கில் காட்டில் முத்துப்பேட்டை வந்தது. அதற்கு அடுத்த ஊர் வரவில்லை. நாக்கு நுனியில் நின்றது, இறங்கவில்லை. எனக்கு மறதி என்று ஒன்று வந்ததே கிடையாது. என் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதுவரை சொல்லுவேன். இது என்னடா புது வியாதி என்று பயந்துபோய் நின்றேன். மூச்சு வாங்கத் திரும்பி, கீழே பார்த்தபடி நின்றதும் பளிச்சென்று வந்தது, அதிராம்பட்டினம். மறுபடி ஏறினேன். மறுபடி மறந்தது. மறுபடி திரும்பி நின்றேன், வந்தது. செக்குமாடு மாதிரி அங்கங்கே திரும்பித் திரும்பி நின்று ஏறினேன். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி மலையில் தழைக்கல் வரும். இடுப்பளவு உயரமுள்ள பாறை. போகிறவர்கள் ஒரு பிடி பச்சைத் தழை ஒடித்து அதன்மேல் வைத்து, போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நடப்பார்கள். சாமி பெயர் கிடையாது, பூசாரி கிடையாது. இரண்டு விதிகள் உண்டு. கூட இல்லாத ஒருத்தருக்காக வைப்பதானால், அவர் கட்டாயம் பயணம் போகிற ஆளாக இருக்க வேண்டும். வைத்த தழையைத் திருப்பி எடுக்கக் கூடாது. சேவியர் சார் வேதக்காரர். முதல் தடவை நான் தழை ஒடித்ததைப் பார்த்து அவரும் ஒடித்தார். "நீங்க வைக்கலாமுங்களா?" என்று கேட்டேன். "ஊருக்குப் போறவனுக்கு எல்லாச் சாமியும் வேணும்ணே" என்றார். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூடத் தப்பவிட்டதில்லை.

அன்றைக்கு நான் ஒரு பிடிதான் வைத்தேன். அவர் பங்குக்கு ஒடிக்கக் கை போனது. வருவாரோ மாட்டாரோ என்று கையை இழுத்துக்கொண்டேன்.

அதற்கு மேலே சுனை. வருஷம் முழுக்கத் தண்ணீர் இருக்கும், பாட்டிலை இங்கே நிரப்பிக்கொள்ளலாம். சுனையிலிருந்து மேலே வழுக்குப் பாறை, இதுதான் பாதையிலேயே கஷ்டமான இடம். மழைக்காலத்தில் இந்தப் பாதையை நினைக்கவே நினைக்காதீர்கள். அட்டையும் உண்டு. மேலே ஏறியதும் மொட்டைப் பாறை ஒன்று, துறையூர்ப் பக்கத்துச் சமவெளி முழுக்கத் தெரியும். கோவிலூர் போய்ச் சேரும்போது பத்தே முக்கால். வாலிப வயசில் இரண்டரை மணி நேரம் ஆன ஏற்றம். பரவாயில்லை.

சாமி கும்பிட்டுவிட்டு, கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டு மணிப் பஸ்ஸில் செம்மேடு. முக்கால் மணி நேரம், ஆறு ரூபாய். வழியெல்லாம் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நூற்றைம்பது ரூபாய்க்கு ரூம் கிடைத்தது. கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களாகத் தர மாட்டார்கள். சாயங்காலம் சேவியர் சார் குடியிருந்த லைன் வீட்டுப் பக்கம் நடந்தேன். பச்சைக் கதவு அப்படியே இருந்தது. வாசலில் யாரோ பிள்ளையுடைய மூன்று சக்கர சைக்கிள் நின்றது. அந்த வாசலில் உட்கார்ந்துதான் அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டைச் சுட்டு, நான் கொண்டுபோன களியோடு இரண்டு பேரும் சாப்பிடுவோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டுவார்கள். அடுத்த மாதம் அவர்களே, "சார், கொஞ்சம் கருவாடு" என்று வந்து நிற்பார்கள்.

ஆறு மணிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன்.

"சார், பெரியசாமி பேசறனுங்க. செம்மேட்டுலருந்து."

"செம்மேடா? அங்க என்னண்ணே பண்றீங்க?"

"பையோட ஏறி வந்தனுங்க. மாசிக்கு ஒத்திகை."

அப்புறம், "குளிருதா?" என்றார்.

"குளிருதுங்க. உங்க பழைய ஊட்டையும் பாத்தன்."

"அந்தக் கதவ இன்னும் தூக்கித்தான் சாத்தணுமா?"

"தொட்டுப் பாக்கலீங்க. சார், மாசிக்கு..."

"மாசி வேணாம்ணே. கோடை கழியட்டும்."

"கோடையில மணல்ல கால் வைக்க முடியாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"சொன்னேன்தான்" என்றார். "கோவிச்சுக்காதீங்கண்ணே. நானும் பழகிப் பார்த்தேன். போன வாரம் வீட்டைப் பூட்டிட்டு நடந்தேன், வேதாரண்யம் வரைக்கும் போவோம்னு. பாதிகூடப் போகல. ஒவ்வொரு அடிக்கும் அவள விட்டுட்டுப் போற மாதிரியே இருக்கு. திரும்பிட்டேன். என்னால ஆகாதுண்ணே. நீங்க வேற யாரையாவது கூட்டிக்கிட்டு நடங்க."

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தேன். இந்தத் தடவை பார்ப்போம் என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குக் கோவிலூர் பஸ். ஏழரைக்கு மொட்டைப் பாறையில் வந்து நின்றேன். கீழே பனி மூடியிருந்தது. சமவெளி தெரியவில்லை, வெள்ளையாக ஒரு பரப்பு மட்டும் தெரிந்தது. முட்டி ஏற்கெனவே வலித்தது. திட்டமும் போயிற்று. இனிக் கடற்கரையை நினைத்து என்ன பிரயோஜனம் என்று இறங்க ஆரம்பித்தேன். ஆனால் கால் இறங்கத் தொடங்கியதும் அது தானாக வந்தது. நான் கூப்பிடவே இல்லை.

மொட்டைப் பாறையில் தொண்டி. அங்கே கடல் பெண் கடல். அலை அடிக்காது. முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் உள்ளே போகலாம். கரையில் ஒதுங்கிய கடல்புல் காய்ந்து மெத்தை மாதிரி கிடக்கும், அதன்மேல் நடந்தால் கால் நோகாது. வழுக்குப் பாறையில் மீமிசல். அங்கே ஓடை வாய்களைத் தாண்டும்போது நீர் வற்றுகிற நேரம் பார்த்து, உள்ளூர் ஆளைக் கேட்டுத் தாண்ட வேண்டும். சுனையில் கோட்டைப்பட்டினம், வலையிலிருந்து நண்டைப் பிரித்தெடுக்கிற பெண்கள். பள்ளிவாசலில் கேட்டால் குடிக்கத் தண்ணீர் தருவார்கள். கீழே இறங்க இறங்க மணமேல்குடி, சவுக்குத் தோப்பு. கட்டுமாவடி மீன் சந்தை. அங்கே காலையில் போய் நின்றால் பேரம் பேசுகிற சத்தத்திலேயே பசி வந்துவிடும் என்பார். சேதுபாவாசத்திரத்துத் தென்னந்தோப்பு. மல்லிப்பட்டினம் தாண்டாமலே தெரிகிற மனோரா, கடலைப் பார்த்தபடி நிற்கிற எட்டடுக்குக் கோபுரம். ஒரு ஊர்கூடத் தப்பவில்லை. நேற்று வந்த மறதி எங்கே போனது என்று யோசித்துக்கொண்டே தழைக்கல்லுக்கு வந்து உட்கார்ந்தேன்.

நேற்று ஏறும்போது மறந்தது. இன்றைக்கு இறங்கும்போது வந்தது. நேற்றும் திரும்பி நின்றால் வந்தது. ஏன் என்றால், நான் கேட்டதே அந்த வரிசையில்தான். நாலு வருஷம் அவர் ஒரு தடவைகூடக் கோடியக்கரையில் ஆரம்பித்ததில்லை. எப்போதும் தொண்டிதான் முதல். மூங்கில் காட்டில் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நடக்க முடியாமல் படகில் தாண்டுகிற அலையாத்திக் காடு. ஆற்றுக்கு வரும்போது உப்பளம், பூநாரைகள், கலங்கரை விளக்கம், அப்புறம் பூவரச மரம், அதற்குக் கீழே அவர் வீட்டுப் படல், பஸ் சத்தம் கேட்டு எழுந்து வருகிற சம்சாரம். அத்தோடு பேச்சு முடியும், புளியஞ்சோலையில் துறையூர் பஸ் வந்து நிற்கும். அவர் கடற்கரையைச் சொல்லவில்லை, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஏறும்போது பேசாமல் வந்தது மூச்சுக்காக இல்லை. அடிவாரத்துக்காரனுக்கு எல்லாம் மூச்சாகத்தான் தெரியும். அந்த மனுஷனை, அவர் வீட்டு வாசலிலிருந்து வீட்டுக்கு முதுகைக் காட்டி நடக்கச் சொல்லி இரண்டு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

எழுந்து ஒரு பிடி தழை ஒடித்து வைத்தேன். அப்புறம் பக்கத்திலேயே இன்னொரு பிடி ஒடித்து வைத்தேன். விதி தெரிந்துதான் வைத்தேன்.

மிச்சப் பாதை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இறக்கத்தில் ஓடாதீர்கள், முட்டி போய்விடும் என்று எல்லோருக்கும் சொல்லுகிறவன் நான். பத்தே காலுக்கு ராசு கடையில் நின்றேன்.

"என்ன மாமா, கரடி தொரத்துச்சா?"

"சில்லறை குடு. இருக்கறதெல்லாம் குடு."

முதல் ரூபாயைப் போட்டு, ராசுவை நம்பரை அமுக்கச் சொன்னேன்.

"சார், கீழ வந்துட்டனுங்க."

"நல்லபடியா எறங்குனீங்களா?"

"எறங்குனனுங்க. தொண்டியில ஆரம்பிச்சு, உங்க ஊட்டுப் பூவரச மரம் வரைக்கும் எறங்கீட்டன்."

"என்னண்ணே சொல்றீங்க?"

"நாலு வருசம் அப்படித்தானுங்க சொன்னீங்க. நாமதான் திட்டத்தைத் தலைகீழாப் போட்டுட்டம். உங்க ஊட்டுல ஆரம்பிக்க வேண்டாமுங்க. பஸ்ஸேறித் தொண்டிக்குப் போயிரலாம், ஒரு பகல். அதுக்கு மேல எடுத்து வைக்கற அடியெல்லாம் உங்க ஊட்டுக்குப் போற அடிதானுங்க."

ஒரு காக்கை கத்துவது மட்டும் அந்தப் பக்கம் கேட்டது. ராசு இரண்டாவது ரூபாயை நீட்டினான், போட்டேன்.

"தழைக்கல்லு இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்குதுங்க. ரெண்டு பிடி வச்சன்."

"ரெண்டா? யாரைக் கேட்டு எனக்கு வச்சீங்க?"

"கேக்கலீங்க."

"வச்சத எடுக்கக் கூடாதே."

"ஆகாதுங்க."

"அநியாயம் பண்றீங்கண்ணே" என்றார். அடுத்த ரூபாய் விழுந்த பிறகு, வேறு குரலில் கேட்டார், "திருச்சியிலருந்து எப்படி வருவீங்க? புதுக்கோட்டை, அறந்தாங்கி வந்துருங்க. நான் பட்டுக்கோட்டை மேல அறந்தாங்கி வந்துர்றேன். பஸ் ஸ்டாண்டுலயே நில்லுங்க, எங்கயும் அலையாதீங்க. அங்கேருந்து தொண்டிக்கு நேர் பஸ். பை எத்தன கிலோ?"

"ஒம்பதுங்க."

"அஞ்சுக்கு மேல வேணாம். மணல்ல ஒரு கிலோ ரெண்டு கிலோவா இழுக்கும். ராகி மாவெல்லாம் எடுத்து வச்சிருங்க, அங்க மீனு கெடைக்கும். தொண்டியில எறங்குனதும் நேரா கடலுக்குப் போயிரக் கூடாதுண்ணே. தெக்கால பழைய துறைமுகம் ஒண்ணு கெடக்கும், அத முதல்ல..."

அப்படியே ஆரம்பித்துவிட்டார். ராசு கல்லாவிலிருந்து ஒவ்வொரு ரூபாயாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். டீ குடிக்க வந்தவர்களிடமும் வாங்கிக் கொடுத்தான். மீமிசல் போயிற்று, கோட்டைப்பட்டினம் போயிற்று. எனக்குத் தெரிந்த கரைதான். ஆனால் ஆறு வருஷம் கழித்து அவர் வாயால் கேட்டேன்.

வீட்டுக்குப் போனதும் பாவாயி என் முகத்தைப் பார்த்தாள். "பாஸா, பெயிலா?" என்றாள். பதில் சொல்வதற்குள் பையைப் பிடுங்கிக்கொண்டு போய் ராகி மாவை டப்பாவில் கொட்ட ஆரம்பித்தாள்.

இதைப் படித்துவிட்டு மலைக்கு வருகிறவர்கள் தையிலும் மாசியிலும் வாருங்கள். மூன்று பேருக்குக் குறையாமல் வாருங்கள், காட்டுக்காரர்களிடம் சொல்லாமல் ஏறாதீர்கள். ஏற நாலு மணி நேரம், இறங்க மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்குப் போகிறவர்கள் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். முத்துப்பேட்டைக்கும் கோடியக்கரைக்கும் நடுவில் சேற்றில் இறங்கிச் சோதனை செய்து பார்க்க வேண்டாம், படகுக்காரரையோ உள்ளூர் ஆளையோ கேளுங்கள். எந்தப் பாதையானாலும், எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்பதைக் கூட வருகிறவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். எனக்கு அது தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

நாங்கள் மாசி முதல் திங்கட்கிழமை அறந்தாங்கியில் சந்திக்கிறோம். அன்றைக்குப் போனில் முழுக் கரையையும் கேட்க முடியவில்லை. மணமேல்குடி சவுக்குத் தோப்புக்குள் நுழையும்போது ராசுவிடம் சில்லறை தீர்ந்துவிட்டது.